பாடத்துக்கு ஸ்லைடு செய்வது எப்படி: கண்ணுக்கு எது, காதுக்கு எது?

பவர்பாயின்ட்டில் புது ஃபைல் திறந்தால் மேலே தலைப்புக்கு ஒரு கட்டம், அடுத்த ஸ்லைடுக்குப் போனால் கீழே புள்ளி வைத்து எழுத ஒரு பெரிய கட்டம். அந்த இரண்டையும் நிரப்ப ஆரம்பிப்பதில்தான் பெரும்பாலான வகுப்பு ஸ்லைடுகள் கெட்டுப்போகின்றன. "இதயத்தின் அமைப்பு" என்று மேலே எழுதி, பாடப்புத்தகத்தில் இருந்து ஆறு வாக்கியங்களைக் கீழே ஒட்டி, மிச்ச இடத்தில் சின்னதாக ஒரு படம் வைத்தால் ஸ்லைடு தயார். வகுப்பில் அதை ஆசிரியர் வாசிப்பார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். கரும்பலகையே இதைவிட மேல்.

பத்தாம் வகுப்பு உயிரியலில் வரும் இதயப் பாடத்தையே எடுத்துக்கொண்டு, 40 நிமிட வகுப்புக்கு ஸ்லைடு செய்வதை இங்கே பார்க்கலாம். வேறு பாடம் எடுப்பவர்களும் அலுவலகத்தில் பயிற்சி நடத்துபவர்களும் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வாசிப்பதும் கேட்பதும் மோதும் இடம்

மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு என்று கணக்குச் சொன்னார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். புதிய பாடம் கேட்கும் மாணவருக்கு ஆரிக்கிள் (இதயத்தின் மேல் அறை), வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை), மூவிதழ் வால்வு, நுரையீரல் தமனி என்ற நான்கு பெயர்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். அதற்கு மேல் ஸ்லைடில் ஆறு வரி இருந்தால் எதையாவது கைவிட்டாக வேண்டும். முதலில் கைவிடுவது நீங்கள் பேசுவதைத்தான்.

காரணம் இது. எழுத்தை வாசிக்கும்போது மனதுக்குள் ஒரு குரல் ஓடுகிறது. ஆசிரியரின் பேச்சும் அதே பாதையில்தான் வருகிறது. இரண்டு வாக்கியங்களை ஒரே சமயத்தில் யாராலும் கேட்க முடியாது. படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கண் படத்தில் இருக்கும்போது காது பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சைக்கிள் பம்ப் எப்படி வேலை செய்கிறது, மின்னல் எப்படி உருவாகிறது என்ற சின்னச் சின்னப் பாடங்களை வைத்து கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் குழுவினர் நடத்திய சோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தெரியவந்தது. படமும் பேச்சுமாகக் கற்றவர்கள், அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. புதிய கலைச்சொல், சூத்திரம், எண் ஆகியவை கட்டாயம் திரையில் வர வேண்டும். காது சரியாகக் கேட்காத மாணவர் வகுப்பில் இருந்தாலோ, பாடம் மாணவருக்குப் பழக்கமில்லாத மொழியில் நடந்தாலோ எழுத்து கூடுதலாகத் தேவை. தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் தேர்வு எழுதும் வகுப்புகளில் படத்தின் உறுப்புக்குப் பக்கத்தில் இரண்டு மொழிப் பெயரையும் போடலாம். வாக்கியங்களை இரண்டு மொழியிலும் போட வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்

ஒரு வெள்ளைத் தாளில், வகுப்பு முடியும்போது மாணவர் என்ன செய்துகாட்ட வேண்டும் என்று எழுதுங்கள். "இதயத்தைப் பற்றி அறிவார்" என்பது உதவாது. "பெயரிடாத இதயப் படத்தைக் கொடுத்தால் ரத்தம் போகும் வழியை அம்புக்குறியால் வரைவார், இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன் என்று ஒரு வரியில் சொல்வார்" என்பது உதவும். இந்த இரண்டுக்கும் தேவைப்படாத எதுவும் ஸ்லைடில் வராது. இதயத்தின் எடை, அதைச் சுற்றிய உறையின் பெயர், முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த ஆண்டு எல்லாம் சுவையான தகவல்கள்தான். வாயால் சொல்லிக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம்.

அடுத்து, பாடத்தை எட்டு முதல் பத்து முழு வாக்கியங்களாக எழுதுங்கள். அவற்றில் சில:

இதயத்துக்குள் பக்கம் பக்கமாக இரண்டு பம்புகள் இயங்குகின்றன.
வலது பம்ப் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது.
இடது பம்ப் ரத்தத்தை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது.
ரத்தம் பின்னால் திரும்பாமல் வால்வுகள் தடுக்கின்றன.
உடல் முழுவதற்கும் தள்ள வேண்டியிருப்பதால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடிமன்.
'லப்', 'டப்' என்று கேட்பது வால்வுகள் மூடும் ஒலி.

இந்த வாக்கியங்களை மட்டும் வரிசையாக வாசித்தால் பாடம் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் வரிசையில்தான் கோளாறு. அதை அழகான டிசைன் சரிசெய்யாது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு ஸ்லைடின் தலைப்பு. "இதயத்தின் அமைப்பு – தொடர்ச்சி" என்ற தலைப்புக்கு இனி இடம் இல்லை.

தலைப்பு ஏன் வாக்கியமாக இருக்க வேண்டும்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே சேதம் எவ்வளவு என்று பொறியாளர்கள் ஸ்லைடுகளில் விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணக்கீடு ஆபத்தைக் கூட்டியே காட்டுகிறது என்ற தொனியில் ஆறுதல் சொன்னது. புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் புள்ளி என்று இறங்கிப் போன பட்டியலின் கடைசி வரியில்தான் உண்மையான செய்தி இருந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணிக்கப்பட்டது 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. அந்தச் சோதனைத் தரவு இந்த மோதலுக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம் என்று தலைப்பு சொல்லியிருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஒரு ஸ்லைடால் விபத்து நடந்தது என்பது மிகை. ஆனால் அதே ஆண்டு வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துவைத்து விமர்சித்தது.

புள்ளிப் பட்டியலின் ஆபத்து இதுதான். எது காரணம், எது விளைவு, எது முக்கியம் என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. முழு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் வினைச்சொல் வந்தாக வேண்டும், எழுவாய் வந்தாக வேண்டும். உங்களுக்கே தெளிவில்லாத இடம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

ஒரு ஸ்லைடை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஐந்தாவது வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பவர்பாயின்ட்டின் 16:9 ஸ்லைடு 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். நான்கு பக்கமும் அரை அங்குலம் காலியாக விடுங்கள். ஆல்ட்+எஃப்9 அழுத்தினால் வழிகாட்டிக் கோடுகள் தெரியும். அவற்றை அந்த எல்லைக்கு இழுத்து வையுங்கள். தலைப்பு இடது ஓரத்தில் தொடங்கட்டும், நடுவில் வேண்டாம். ஸ்லைடு மாறும்போதெல்லாம் கண் ஒரே இடத்தில் வந்து இறங்க வேண்டும். 32 பாயின்ட்டில் ஒரு வரிக்கு நாலைந்து தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். ஆகவே தலைப்பு இரண்டு வரிக்குள், எட்டுப் பத்துச் சொற்களுக்குள் இருக்கட்டும்.

மிச்ச இடத்தில் இடப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு இதயத்தின் வெட்டுத்தோற்றம். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டே கம்பிகள் கொண்ட வரைபடம் (பார் சார்ட்): இதயம் சுருங்கும்போது இடது வெண்ட்ரிக்கிளில் அழுத்தம் சுமார் 120 மி.மீ. பாதரசம், வலதில் சுமார் 25. சுவரின் தடிமன் ஏன் என்று இந்த இரண்டு கம்பிகளே சொல்லிவிடும்.

இனி நீக்க வேண்டியவை. இணையத்தில் கிடைக்கும் இதயப் படங்களில் பதினைந்து இருபது பெயர்கள் இருக்கும். இந்த ஸ்லைடுக்கு இரண்டு பெயர்கள் போதும். மற்ற பாகங்கள் வெளிர் சாம்பல் நிறத்துக்குப் போகட்டும்; இரண்டு சுவர்களும் மட்டும் நிறத்தோடு நிற்கட்டும். 'அ, ஆ, இ' என்று படத்தில் குறித்து ஓரத்தில் விளக்கப் பட்டியல் வைக்காதீர்கள். மாணவரின் கண் பட்டியலுக்கும் படத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த ஓட்டத்திலேயே கவனம் தீர்ந்துவிடும். பெயர், பாகத்தை ஒட்டியே இருக்க வேண்டும். உள்ளே இடம் போதவில்லை என்றால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வெளியே எழுதலாம். அந்தக் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது.

இதயப் படத்துக்கே உரிய ஒரு வழுக்கல் உண்டு. இதயத்தின் இடப்பக்கம் பார்ப்பவருக்கு வலப்பக்கமாகத் தெரியும். படத்தின் மேலே இரண்டு பக்கமும் "உடலின் வலம்", "உடலின் இடம்" என்று எழுதாவிட்டால் பாதி வகுப்பு தலைகீழாகப் புரிந்துகொள்ளும். நிறத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். தமனி சிவப்பு, சிரை நீலம் என்று மனப்பாடம் செய்த மாணவர்கள் நுரையீரல் தமனி நீலமாக இருப்பதைப் பார்த்துப் படம் தப்பு என்பார்கள். முதல் ஸ்லைடிலேயே "சிவப்பு: ஆக்சிஜன் மிகுந்த ரத்தம், நீலம்: ஆக்சிஜன் குறைந்த ரத்தம்" என்று எழுதி, கடைசி வரை அதை மாற்றாதீர்கள். ரத்தம் உண்மையில் நீலமாக இருக்காது, கருஞ்சிவப்புதான் என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

இப்போது இந்த ஸ்லைடை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கன்ட்ரோல்+டி அழுத்தி இரண்டு நகல் எடுங்கள். முதல் ஸ்லைடில் படம் மட்டும், தலைப்பில் "இரண்டு வெண்ட்ரிக்கிள் சுவர்களில் எது தடிமன்? ஏன்?" என்ற கேள்வி. இரண்டாவதில் இரண்டு சுவர்களும் நிறம் பெறும். மூன்றாவதில் கம்பி வரைபடமும், பதிலைச் சொல்லும் வாக்கியத் தலைப்பும். கேள்விக்கு முன்பே பதிலைத் தலைப்பில் போட்டுவிட்டால் யோசிக்க ஒன்றும் இருக்காது.

அனிமேஷனில் ஒரே ஸ்லைடாக இதைச் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் ஃபைலைப் பிடிஎஃப் ஆக்கினால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும், வேறு மென்பொருளில் திறந்தால் வரிசை மாறக்கூடும், ஒரு படி பின்னால் போக வேண்டுமென்றால் தடுமாற்றம். நகல் ஸ்லைடுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்லைடு எண்ணிக்கை கூடுமே என்று அஞ்ச வேண்டாம். பத்து ஸ்லைடுக்கு மேல் கூடாது என்ற கட்டளை எங்கிருந்து வந்ததோ, அதற்குக் கற்றலோடு சம்பந்தம் இல்லை. ஒரு ஸ்லைடில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

தமிழ் எழுத்து திரையில்

ஆங்கிலத்துக்கான ஸ்லைடு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் தமிழில் மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலில் வரி இடைவெளி. மேலே 'ி', 'ீ' வளைவும் கீழே 'ு', 'ூ' வாலும் இருப்பதால் ஒற்றை இடைவெளியில் வரிகள் உரசும். 1.2 முதல் 1.3 வரை வையுங்கள். இரண்டாவது, அழுத்தம் கொடுப்பது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சாய்ந்த எழுத்து இந்த வளைவுகளுக்குப் பொருந்தாது, பின்வரிசைக்குப் புரியவும் புரியாது. தடித்த எழுத்தோ ஒரு நிறமோ போதும். அதுவும் ஸ்லைடுக்கு ஓரிடம்தான்; மூன்று இடத்தைத் தடிமனாக்கினால் எதையுமே தடிமனாக்கவில்லை என்றுதான் பொருள். மூன்றாவது, இருபக்கமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபை. நம் சொற்கள் நீளமானவை. குறுகிய கட்டத்தில் ஜஸ்டிஃபை போட்டால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

அளவுக்கு வருவோம். பவர்பாயின்ட்டில் தலைப்பு 32 முதல் 36, படத்தில் உள்ள பெயர்கள் 24, எதுவும் 20க்குக் கீழே வேண்டாம். கூகுள் ஸ்லைட்ஸில் இதே எண்களைப் போடாதீர்கள். அதன் 16:9 பக்கம் 10 அங்குலத்துக்கு 5.63 அங்குலம்தான். அங்கே 24 பாயின்ட் என்பது பவர்பாயின்ட்டின் 32க்குச் சமம். 20க்குச் சமம் 15. இரண்டுக்கும் இடையே ஸ்லைடுகளை நகலெடுக்கும்போது எழுத்து திடீரென்று பெரிதாகவோ சிறிதாகவோ தெரிவதற்கு இதுதான் காரணம்.

பின்வரிசைக்குத் தெரியுமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். திரையில் படத்தின் உயரம் 1.2 மீட்டர், கடைசி வரிசை 9 மீட்டரில் என்றால் தூரம் உயரத்தைப் போல ஏழரை மடங்கு. 14 அங்குல லேப்டாப்பின் திரை உயரம் ஏறத்தாழ 17.5 செ.மீ. அதன் ஏழரை மடங்கு 1.3 மீட்டர். ஸ்லைடை முழுத் திரையில் வைத்து நாலேகால் அடி தள்ளி நின்று பாருங்கள். 'ன' எது, 'ள' எது, 'ண' எது என்று தடுமாறினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். இடம் போதவில்லை என்றால் சொற்களைக் குறையுங்கள்.

ஃபான்ட் விஷயத்தில் அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திரையில் தெளிவாகத் தெரிபவை. பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்தில் அடித்த ஸ்லைடை, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்க அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள் வரும். வகுப்பு தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது இதைச் சரிசெய்ய முடியாது. பழைய ஸ்லைடுகளை யூனிகோடு மாற்றியில் போட்டு முன்பே மாற்றிவிடுங்கள். புதிய ஃபான்ட் பயன்படுத்தினால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் "எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். உரிமக் கட்டுப்பாட்டால் சில ஃபான்ட்கள் ஃபைலுக்குள் சேராது. அதனால் பிடிஎஃப் நகல் ஒன்று எப்போதும் பென் டிரைவில் இருக்கட்டும்.

ஃபான்ட், அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் ஸ்லைடு மாஸ்டரில் (எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சில்) ஒரே முறை அமையுங்கள். ஒவ்வொரு ஸ்லைடாக மாற்றிக்கொண்டிருந்தால் நேரமும் வீண். எங்காவது ஒன்று தப்பி வேறு மாதிரி நிற்கும்.

நிறமும் ப்ரொஜெக்டரும்

ப்ரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. கறுப்பு என்றால் அந்த இடத்தில் அது வெளிச்சம் போடவில்லை, அவ்வளவுதான். ஜன்னல் திறந்த வகுப்பறையில் திரைமேல் விழும் பகல் வெளிச்சம் அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். லேப்டாப்பில் எடுப்பாகத் தெரிந்த கருநீலப் பின்னணி அங்கே வெளிறிப்போவது இதனால்தான். வெளிச்சமுள்ள அறைக்கு வெள்ளைப் பின்னணியும் கறுப்பை ஒட்டிய எழுத்தும்தான் நம்பகமானவை. இருட்டாக்கக்கூடிய அரங்கிலோ நல்ல டிவி திரையிலோ கரும்பின்னணி வைத்துக்கொள்ளலாம்.

வலைத்தளங்களுக்கான டபிள்யூசிஏஜி விதிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3:1. இணையத்தில் இலவசமாக அளந்து பார்க்கலாம். பழைய ப்ரொஜெக்டருக்கு 7:1 வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளையில் மஞ்சள், நீலத்தில் சிவப்பு இரண்டும் எந்தத் திரையிலும் வேண்டாம். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். 'சரி', 'தவறு' என்பதை நிறத்தால் மட்டும் காட்டாமல் குறியும் சேர்த்துப் போடுங்கள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: மூலையைப் பிடித்து இழுத்தால்தான் விகிதம் கெடாது. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கி வந்திருக்கும், முழுத் திரைக்குப் போதாது. வரைபடத்தில் முப்பரிமாணம் வேண்டாம். பின்னால் நிற்கும் கம்பி குட்டையாகத் தெரியும். அலங்காரத்துக்கென்று ஓரத்தில் சிரிக்கும் இதயப் பொம்மை வைத்தால் மாணவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

நடுவில் நிறுத்துங்கள்

உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்களையும், பார்க்காமல் நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஸ்லைடு வகுப்பு எளிதாகப் புரிந்ததுபோல் தோன்றி மறுவாரம் மறந்துபோவதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி ஸ்லைடு வையுங்கள். பெயர் எதுவும் இல்லாத இதயப் படம், "கீழ்ப்பெருஞ்சிரையில் இருந்து பெருந்தமனி வரை வழியை நோட்டில் வரையுங்கள்" என்ற ஒரு வரி. பிறகு முப்பது வினாடியாவது வாயைத் திறக்காதீர்கள். முதலில் கை தூக்கும் மாணவரிடம் உடனே பதில் வாங்கினால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். திரையில் எதுவும் தேவைப்படாத நேரத்தில் பவர்பாயின்ட்டில் 'பி' விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். மீண்டும் அழுத்தினால் ஸ்லைடு வரும். மாணவர் கேள்வி கேட்டு எட்டாவது ஸ்லைடுக்குப் போக வேண்டுமானால் 8 அடித்து என்டர். அடுத்த வகுப்பை அதே பெயரில்லாத படத்தோடு தொடங்குங்கள்.

"அப்போ நோட்ஸ்?"

ஸ்லைடில் எழுத்தே இல்லையே, படிப்பதற்கு என்ன கொடுப்பது என்று மாணவர்கள் கேட்பார்கள்; பிபிடியை அனுப்புங்கள் என்று மேலிடமும் கேட்கும். நியாயமான தேவைதான். அதற்குப் பதில் ஸ்லைடின் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதி. பேச வேண்டியதை அங்கே முழுதாக எழுதுங்கள். பிரின்ட் கொடுக்கும்போது 'நோட்ஸ் பேஜஸ்' தேர்ந்தெடுத்தால் மேலே படம், கீழே விளக்கம் என்று ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்லைடாக வரும். அதைப் பிடிஎஃப் ஆக்கி வகுப்புக் குழுவில் போடலாம். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு போடுங்கள். கேள்விக்கு முன்பே பதில் கையில் இருந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

அறைக்குப் போனதும் கடைசி வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். திரை தாழ்வாக இருந்தால் முன்வரிசைத் தலைகள் கீழ்ப்பகுதியை மறைக்கும். அப்படிப்பட்ட அறைக்கு ஸ்லைடின் கீழே எட்டில் ஒரு பங்கைக் காலியாகவே விடுங்கள். பழைய ப்ரொஜெக்டர் 4:3 என்றால் 16:9 ஸ்லைடு மேலும் கீழும் காலிப் பட்டையோடு சின்னதாகத் தெரியும். அங்கே அடிக்கடி வகுப்பு எடுப்பதாக இருந்தால் டிசைன் மெனுவில் ஸ்லைடு சைஸை 4:3க்கு மாற்றிச் செய்யத் தொடங்குங்கள். முடித்த பிறகு மாற்றினால் எல்லாம் இடம் பெயரும்.

வகுப்பு நடக்கும்போது கையில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். எந்த ஸ்லைடில் நீங்கள் திரும்பி நின்று வாசித்தீர்கள், எதை "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று தாண்டினீர்கள், எங்கே மாணவர்கள் படத்தைச் சுட்டிக்காட்டி "இது எது சார்?" என்று கேட்டார்கள் என்று எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாசித்த ஸ்லைடில் சொற்களை நோட்ஸ் பகுதிக்குத் தள்ளுங்கள், தாண்டிய ஸ்லைடை அழித்துவிடுங்கள், கேள்வி வந்த இடத்தில் பாகத்தை ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அன்று மாலையே செய்தால் கால் மணி நேர வேலை.